சத்தமில்லாமல் முதல் வகுப்பு

தொழில் வட்டாரத்தில் நாலுகம்பி என்று அழைக்கப்பட்டவருக்கு, தான் ஓர் இசைக் கலைஞன் என்று நிரூபிக்க முப்பது நாள் அவகாசம் தரப்பட்டது. அதுவரை யாரும் அவரிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அவர் வாசித்தது நாலு கம்பி உள்ள பேஸ் கிட்டார். பாட்டில் அது இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. இல்லாவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று முகத்தைச் சுளிப்பார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி என்று அவர் விளக்கிப் பார்த்ததுண்டு. அஸ்திவாரத்தை யாரும் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்ப்பதில்லை என்பது அவர் மனைவியின் கருத்து. இருபத்தொரு வருடத்தில் மூவாயிரம் பாட்டுக்கு மேல் வாசித்திருந்தார். கூப்பிட்ட இடத்துக்குப் போவது, கொடுத்ததை வாசிப்பது, பெட்டியை மூடிக்கொண்டு திரும்புவது. எந்தப் பாட்டிலும் அவர் பெயர் கிடையாது. அவருடைய மாமனார் தொலைபேசியில் மகளிடம், "மாப்பிள்ளை இன்னும் அந்த ஒயர் வேலையிலதான் இருக்காரா?" என்று விசாரிப்பார். அவளும் ஆமாம்ப்பா என்று சொல்லிவிடுவாள். விளக்கப் போனால் பேச்சு நீளும்.

சில வருடங்களாகப் பெரிய ஸ்டூடியோக்கள் அவரைக் கூப்பிடுவது குறைந்து, பாட்டையே அவர் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தன. துணி காயப்போடும் பின்னறையைக் காலி செய்து, சுவரில் பழைய மெத்தைகளை நிறுத்தி, தரையில் இரண்டு அடுக்குக் கம்பளம் விரித்து, மூலையில் ஓர் ஒலிபெருக்கியை வைத்து, அதையே ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டார். அனுப்பிய பாட்டுகளுக்கு வாசித்தது போக, பற்பசை விளம்பரத்துக்கும் மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்கும் தாமே இசை சேர்த்துக் கொடுத்தார். அந்த அறை இருக்கும்வரை அவருக்குத் தொழில் இருந்தது. அது போனால் தொழிலும் போயிற்று. கணக்கு அவ்வளவு சுலபம்.

அந்த அறையைத்தான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஒரு காலைப்பொழுதில் விதி நாற்பத்தொன்றைக் காட்டிக் கேள்வி கேட்டார். அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எல்லைக்கல் நட்டபிறகுதான் நம்புவார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. எனக்கு உங்க மேல ஒரு கோபமும் இல்ல. சுவர் வழியா ஏதோ ஒண்ணு வருது. என்னன்னு தெரியல. என்னன்னு தெரியாத எதுவும் இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாது."

"இசைதான் சார் அது."

"நீங்க சொல்றீங்க. பேப்பர் சொல்லணும்ல. இசை வாரியத்துல சான்றிதழ் வாங்கிட்டு வந்தீங்கன்னா அது இசை. இல்லன்னா அது சத்தம். சத்தத்தை எடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. முப்பது நாள்."

மனைவி எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து திரும்பியதும் அவர் செயலாளர் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தை நீட்டினார். அவள் அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் படித்தாள். எந்தக் காகிதத்தையும் அவள் அப்படித்தான் படிப்பாள்.

"என்னங்க, இதுக்குப் போய் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க. மூவாயிரம் பாட்டுல ஒண்ணே ஒண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்க. குடுத்துருவாங்க."

அவள் அரசாங்க அலுவலகம் எதற்கும் அதிகம் போனதில்லை.

*

இசைத் தரச் சான்று வாரியம் மிக அமைதியான இடம். வாசலில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது. படிக்கட்டில் 'அமைதி' என்று மட்டும் எழுதியிருந்தது. மேல்மாடிக்குப் போனபோது சுவரில் உதட்டின் மேல் விரல் வைத்த படம் மட்டும்தான் இருந்தது. எழுத்தும் ஒருவகைச் சத்தம்தான் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். ஊழியர்கள் துணிச்செருப்பு அணிந்து நடந்தார்கள். ஒருமுறை ஒரு மின்விசிறி கிறீச்சிட்டதாம். விசாரணைக்குப் பிறகு அதை வேறு இலாகாவுக்கு மாற்றிவிட்டார்களாம்.

கவுண்டரில் இருந்த அம்மையார் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்.

"பாடகரா, இசையமைப்பாளரா, பாட்டு எழுதறவரா?"

"வாசிக்கிறவன்."

"யாருக்கு?"

"யார் கூப்பிட்டாலும்."

அம்மையார் பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே போய், கடைசிக்கு வந்தார். "இதரர்ல போட்டுக்கறேன். பியானோ தூக்கறவங்க, மேடை விளக்குக்காரங்க, நீங்க. வாத்தியம் எத்தனை கிலோ?"

"நாலரை."

"பையோட சேர்த்தா, சேர்க்காமலா?"

சேர்க்காமல் என்றார். அம்மையாருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பலர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்றார்.

"சரி, பேர் போட்ட பாட்டு ஏதாவது குடுங்க."

"பேர் போட மாட்டாங்கம்மா. ஆனா வாசிச்சதைக் காட்டறேன்." அவர் கைபேசியை எடுத்து ஒரு பாட்டைத் தேடினார். "இதுல அடியில டூம் டூம்னு வரும் பாருங்க, அது நான்."

அம்மையார் பதறிப்போய் இரண்டு கைகளாலும் கைபேசியை மூடினார். "என்ன சார் நீங்க. ஆபீஸ் நேரத்துல இங்க பாட்டுக் கேட்கக் கூடாது. மெமோ குடுத்துருவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டூம் டூம் என்னோடது இல்ல, இவரோடதுதான்னு பாடினவங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. போதும்," என்றார்.

அந்தப் பாட்டைப் பாடியவர் இன்று பெரிய பாடகி. நல்ல மனசு. உடனே போனை எடுத்தார்.

"அந்தப் பாட்டுல பேஸ் இருந்துச்சாண்ணா?"

"இருந்துச்சும்மா. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும்."

"அண்ணா, அந்தப் பாட்டைப் பாடறப்ப அடியில ஏதோ ஒண்ணு என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. நான் அது கடவுள்னு நினைச்சேன்."

"நான்தாம்மா."

"ஏழு பேட்டியில கடவுள்னு சொல்லிட்டேனே அண்ணா. இப்பப் போய் மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

நன்றாக இருக்காது என்று அவரும் ஒப்புக்கொண்டார். அப்படியே இன்னும் ஆறேழு பேருக்குப் போன் போட்டார். ஒருவர், "நீங்க சாக்ஸபோன்தானே?" என்று அன்போடு கேட்டார்.

கடிதம் கிடைக்காதவர்களுக்கு நேரடித் தேர்வு என்று ஒரு வழி இருந்தது. இருபத்தாறாம் நாள் அவருக்குத் தேர்வு.

*

அன்று காலை விண்ணப்பதாரர்கள் பன்னிரண்டு பேரை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, வாரியத்தின் இயக்குநர் உரையாற்றினார். அவர் உதடுகள் அசைவதை வைத்துத்தான் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு மெதுவாகப் பேசினார்.

"வாரியம் ஆரம்பிச்ச புதுசுல, தேர்வாளர்கள் வாசிக்கறதைக் கேட்டு மார்க் போட்டாங்க. என்ன ஆச்சு? ஒருத்தருக்குப் பிடிச்சது இன்னொருத்தருக்குப் பிடிக்கல. ஒருத்தர் அழுதாரு. பக்கத்துல இருந்தவரு அழுதவரைப் பாத்துச் சிரிச்சாரு. ஒரு மூத்த அதிகாரி எழுந்து ஆடினாரு. அவரை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினோம், அங்கயும் அலமாரியைத் தட்டிட்டு இருந்தாரு. அத்தனை குழப்பத்துக்கும் காரணம் என்னன்னு ஒரு குழு போட்டுப் பாத்தோம். இசைதான் காரணம்னு தெரிஞ்சுது."

இயக்குநர் ஒரு மடக்குத் தண்ணீரைச் சத்தம் வராமல் விழுங்கினார்.

"அப்பதான் கண்ணாடி அறை வந்துச்சு. நீங்க உள்ள வாசிப்பீங்க. தேர்வாளர்கள் வெளிய இருந்து பாப்பாங்க. ஒரு துளி சத்தம் வெளிய வராது. அதுக்கப்புறம் ஒரு தகராறு கிடையாது. நான் இந்த நாற்காலியில உக்காந்து பத்தொன்பது வருஷம். ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்ல. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல பாடினப்ப முதல் வரிசையில காதுல பஞ்சு வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அவளுக்குக்கூடச் சலுகை காட்டல. பாரபட்சம்னு என்னைப் பாத்து யாரும் ஒரு விரல் நீட்ட முடியாது."

அவர் கண் கலங்கியது. நாலுகம்பியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அது அந்த மகளை நினைத்து.

மதிப்பெண் பட்டியல் ஆளுக்கொரு தாளாகக் கொடுக்கப்பட்டது. அமரும் முறைக்கு இருபது, முகபாவத்துக்கு முப்பது, உடல் அசைவுக்கு முப்பது, வாத்தியத்தின் துடைப்புக்கு இருபது. அவர் தன் கிட்டாரைப் பார்த்தார். அதை வாங்கியதிலிருந்து துடைத்ததில்லை. கம்பியில் அழுக்குச் சேர்ந்தால்தான் நாதம் கனிந்து வரும் என்பது பேஸ்காரர்களின் நம்பிக்கை.

பக்கத்தில் தோள்வரை அலையலையாக முடி வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பளபளக்கும் கிட்டார்.

"அண்ணே, எத்தனாவது தடவை?"

"முதல் தடவைங்க."

"பயப்படாதீங்க. எனக்கு வாசிக்கவே தெரியாது. மொட்டை மாடியில உணவகம் நடத்தறேன். நேரடி இசைன்னு போர்டு வைக்கணும்னா வீட்டுல ஒருத்தருக்காவது சான்றிதழ் வேணுமாம். ஒரு மாசமாக் கண்ணாடி முன்னாடி தலையை ஆட்டிப் பழகியிருக்கேன்." கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "சுளுக்குதான் ஒரே தொல்லை."

அலைமுடிக்காரர் உள்ளே போய், கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, இரண்டு முறை முட்டி போட்டு, கடைசியில் கிட்டாரை மார்போடு அணைத்துக் கண்ணீர் விட்டார். இரண்டாம் வகுப்பில் தேறினார். முட்டி போட்டபோது கால்சட்டையில் தூசி ஒட்டிக்கொண்டதால் முதல் வகுப்பு தவறிவிட்டது.

அடுத்து நாலுகம்பி.

கண்ணாடி அறைக்குள் நுழைந்ததும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பயமே இல்லை. சிறிய அறை, ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், எதிரே கண்ணாடிக்கு அப்பால் மேஜை போட்டு மூன்று பேர். இருபத்தொரு வருடமாக அவர் வாழ்ந்த இடம் இதுதான். தன் வீட்டுக்குள் நுழைந்தவரைப் போல உட்கார்ந்தார், ஹெட்போனை மாட்டினார், ஒரு விரலைத் தடித்த கம்பியின் மேல் வைத்தார், கண்ணை மூடினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

வாரியத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் தொடங்கலாம் என்று அர்த்தம். ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தால் அசையாதே என்று அர்த்தம்.

அவர் அசையவில்லை. ஹெட்போனில் எண்ணிக்கை வரும், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று. வந்ததும் வாசிக்க வேண்டும். யாராவது எண்ணிக்கை கொடுக்காமல் அவர் ஒரு பாட்டையும் தொடங்கியதில்லை. சாப்பாட்டு மேஜையில்கூட யாராவது ஆரம்பித்த பிறகுதான் ஆரம்பிப்பார். அதுவரை அசையாமல் இருப்பதும் தொழிலின் ஒரு பாதிதான். நாற்காலி முனகினால் பதிவு கெட்டு டேக் போய்விடும். வயிறு உறுமினால் டேக் போய்விடும். ஒருமுறை தும்மலைச் சரணம் முழுக்க அடக்கி, பல்லவி திரும்பி வந்து முடிந்தபிறகு வெளியே போய்த் தும்மியிருக்கிறார்.

எண்ணிக்கை வரவில்லை. வெளியே இருந்தவர்கள் பாட்டைச் சரிபார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். பிறகு டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தார். அதுவும் சகஜம்தான். ஒரு புகழ்பெற்ற இசையமைப்பாளர் அவரை அறைக்குள் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போய்வந்திருக்கிறார். திரும்பி வந்தபோது இவர் வைத்த விரல் வைத்த இடத்தில் இருந்தது.

பதினோரு நிமிடம் கழித்து விளக்கு அணைந்தது. ஒலி அளவு பார்த்து முடித்துவிட்டார்கள், இனிமேல்தான் டேக் என்று எண்ணிக்கொண்டு அவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்கு அப்பால் மூன்று தேர்வாளர்களும் எழுந்து நின்றிருந்தார்கள்.

வெளியே வந்ததும் மூத்த தேர்வாளர் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"முப்பது வருஷமா பாக்கறேன். எல்லாரும் வாசிக்கறேன் பேர்வழின்னு உடம்பைப் போட்டு ஆட்டுவாங்க. நீங்க ஒருத்தர்தான்..."

"அந்த விரல்," என்றார் பக்கத்திலிருந்த பெண் தேர்வாளர். "கம்பி மேல இருக்கு, ஆனா அழுத்தல. அழுத்தப் போறாருன்னு நினைச்சேன், அழுத்தல. ஏழாவது நிமிஷம் எனக்கு மூச்சே நின்னுபோச்சு."

"நடுவுல ஒரு இடத்துல புருவம் லேசா அசைஞ்சுது," என்றார் மூன்றாமவர். "அங்க ஒரு மார்க் குறைச்சிருக்கேன். மனசுல வெச்சுக்காதீங்க."

நாலுகம்பி நேர்மையான ஆள். "சார், மன்னிக்கணும். நான் இன்னும் வாசிக்கவே இல்ல."

"அதைத்தான் சொல்றோம்," என்றார் மூத்த தேர்வாளர் தழுதழுத்த குரலில்.

"இல்ல சார், யாராவது ஒண்ணு ரெண்டு சொல்லுவீங்கன்னு காத்துட்டு இருந்தேன்."

"காத்திருப்பு," என்று பெண் தேர்வாளர் குறித்துக்கொண்டார். "தலைப்பு என்னன்னு கேட்க நினைச்சேன். நீங்களே சொல்லிட்டீங்க."

வாத்தியத்தின் துடைப்புக்கும் முழு மதிப்பெண் கிடைத்தது. அழுக்கு திட்டமிட்டது என்று முடிவு செய்திருந்தார்கள்.

*

சான்றிதழ் தடித்த தாளில் அச்சாகியிருந்தது. 'பேஸ் கிட்டார், முதல் வகுப்பு. இக்கலைஞர் வாசிக்கும்போது எவ்வித ஓசையும் எழுவதில்லை என்பதை வாரியம் பதினோரு நிமிடம் நேரில் கண்டு சான்றளிக்கிறது.' கீழே மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை.

மனைவி அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.

"அசையாம இருந்ததுக்கா குடுத்தாங்க? அப்படிப் பாத்தா என்கிட்ட வர்ற பேஷண்ட் எல்லாருமே முதல் வகுப்புதாங்க."

"திருப்பிக் குடுத்துரட்டுமா?"

"நீங்க பொய் சொன்னீங்களா?"

"இல்ல. வாசிக்கலைன்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அதைத்தான் சொல்றோம்னாங்க."

"அப்புறம் என்ன. ஆணியை எடுங்க, மாட்டிடலாம்."

செயலாளர் மூன்று முறை படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போதே அவர் முகம் தெளிந்துவிட்டது. மூன்றாம் முறை சந்தோஷத்துக்காகப் படித்தார்.

"தம்பி, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. சத்தமே வராத வாத்தியமா? வீணா உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். சங்கத்துல பதிவு பண்ணிடறேன். இனிமே எந்தச் சத்தம் வந்தாலும் அது நீங்க இல்ல. அதுக்கு நான் பொறுப்பு."

அறை தப்பியது. மறுநாளே நாலுகம்பி மெத்தைகளைச் சரிசெய்து, வந்து குவிந்திருந்த பாட்டுகளுக்கு வாசிக்கத் தொடங்கினார். சுவர் வழியே வழக்கம்போல டூம் டூம் என்று போயிற்று. குடியிருப்பில் இருந்தவர்கள் வழக்கம்போலச் செயலாளரிடம் போனார்கள். செயலாளர் சான்றிதழின் நகலைக் காட்டினார். அது அந்த வீட்டில் இருந்து வர வாய்ப்பே இல்லை என்று ஆனபிறகு, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது சங்கத்தின் கடமையாயிற்று.

முதலில் லிஃப்டை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு நான்காம் மாடியில் ஒருவரின் துணி துவைக்கும் இயந்திரத்துக்குச் சீல் வைத்தார்கள். ஒருவருடைய நாய் வாலால் கதவைத் தட்டுகிறது என்று ஒரு புகார் வந்து, நாயை வரவழைத்து விசாரித்தார்கள். கடைசியில், கீழே தண்ணீர் ஏற்றும் மோட்டார்தான் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போட்டபிறகு உண்மையிலேயே சத்தம் அங்கிருந்துதான் வருவதுபோல எல்லோருக்கும் கேட்டது.

இதில் மாட்டிக்கொண்டவர் மோட்டார் மெக்கானிக். அந்தத் தெருவில் உள்ள ஒன்பது கட்டடங்களுக்கும் அவர்தான் வேலை செய்தார். மோட்டாரை மூன்று முறை பிரித்துக் கோத்தார். சத்தம் நிற்கவில்லை. மூன்றாம் முறை கோத்து முடித்த மத்தியானம் அவர் படியேறி வந்து நாலுகம்பியின் கதவைத் தட்டினார்.

"சார், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமல் நின்றார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு மோட்டாரை மொத்தமாக் கழட்டி வெளிய வைக்கச் சொல்லியிருக்காங்க. அப்பவும் சத்தம் வந்துச்சுன்னா நான் ஏதோ தில்லுமுல்லு பண்றேன்னு அர்த்தமாம். ஒன்பது கட்டடத்துக்கும் எழுதிப் போட்டுருவாராம் செயலாளர்." பின்னறையின் மெத்தைச் சுவரை ஒரு பார்வை பார்த்தார். "நான் இருபது வருஷமா மோட்டார் பாக்கறேன் சார். எந்த மோட்டாரும் நாலு தடவைக்கு ஒரு தடவை லேசா நழுவி மேல ஏறி இறங்காது. கேட்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்லல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நாலுகம்பிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் பதினோரு மணிக்குத்தான், அவருக்கு வருடத்தில் பாதி வேலையைக் கொடுக்கும் இசையமைப்பாளர் நேரடி இணைப்பில் ஒரு பாட்டு வைத்திருந்தார். எட்டு வயலின்காரர்கள் வேறொரு இடத்தில் வில்லோடு காத்திருப்பார்கள். தள்ளிவைக்க முடியாது. வாசித்தால் மெக்கானிக் போனார். வாசிக்காவிட்டால் இசையமைப்பாளர் போனார். உண்மையைச் சொன்னால் அறை போயிற்று.

"என்ன பண்ணப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சொல்லிடலாம்னு பாக்கறேன்."

அவள் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். "இதையும் எடுத்துட்டுப் போங்க. திருப்பிக் குடுக்கறதாயிருந்தா சுத்தமாக் குடுங்க."

*

மறுநாள் பத்தே முக்காலுக்கு அவர் கீழே இறங்கியபோது, காலியான மோட்டார்க் குழியைச் சுற்றிக் குடியிருப்பே நின்றிருந்தது. கழற்றிய மோட்டார் ஒரு சாக்கின் மேல், குற்றம் சாட்டப்பட்டவரைப் போலத் தலைகுனிந்து கிடந்தது. பக்கத்தில் மெக்கானிக்கும் ஏறக்குறைய அதே நிலையில் நின்றார்.

நாலுகம்பிக்கு நான்கு பேருக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லை. யாரும் எண்ணிக்கை கொடுக்கவும் இல்லை. இருந்தாலும் தொடங்கினார்.

"சார், அந்தச் சத்தம் மோட்டார் இல்ல. நான்தான்."

செயலாளர் அவரைப் பரிவோடு பார்த்தார். "தம்பி, மெக்கானிக்குக்காகப் பாவம் பாக்கறீங்க. நல்ல மனசு. ஆனா விசாரணை நடக்கற இடத்துல இதெல்லாம் சொல்லக் கூடாது."

"நிஜமா நான்தான் சார். இப்ப மேல போய் வாசிக்கறேன், கேளுங்க."

மேலே போனார். ஹெட்போனை மாட்டினார். இசையமைப்பாளரின் குரல் எண்ணியது. வாசித்தார். நான்கு நிமிடப் பாட்டு. முதல் சரணத்தில் பயத்தோடு வாசித்தார். இரண்டாம் சரணத்தில், கீழே அத்தனை பேர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது. இருபத்தொரு வருடத்தில் அவருடையதை மட்டும் கேட்பதற்காக ஒரு கூட்டம் நின்றது அதுதான் முதல் முறை. எழுதிக் கொடுக்காத இரண்டு மூன்று சுரங்கள் தாமாகவே விரலில் ஏறின. "அது என்ன, நல்லா இருக்கே, அப்படியே வெச்சுக்கலாம்," என்றார் இசையமைப்பாளர். எட்டு வயலின்களும் அதன்மேல் போய் உட்கார்ந்தன.

பெட்டியை மூடாமலேயே கீழே ஓடிவந்தார். நான்காம் மாடிக்காரரின் கால்விரல் இன்னும் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அதை அவரே கவனித்து நிறுத்திக்கொண்டார்.

"கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு," என்றார் செயலாளர்.

"அது நான்."

"தம்பி, நீங்க மேல போயிருந்த நேரத்துல ஒரு சத்தம் வந்துச்சு. அது வரைக்கும் உண்மை. அதை நான் எழுதிக்கறேன்." செயலாளர் அவர் கையிலிருந்த சான்றிதழை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். எவ்வித ஓசையும் எழுவதில்லை என்ற இடத்தை இருமுறை படித்தார். "மூணு அதிகாரிங்க பதினோரு நிமிஷம் உங்களைக் கண்ணு கொட்டாம உத்துப் பாத்துட்டு முத்திரை குத்தியிருக்காங்க. நீங்க இன்னைக்கு வந்து நான்தான்னா, நான் யாரை நம்பறது? உங்களைப் பத்தி உங்களுக்கு வாரியத்தைவிட அதிகமாத் தெரியுமா?"

நாலுகம்பி யோசித்துப் பார்த்தார். அதற்கு அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

"இன்னொண்ணு," என்று செயலாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "மோட்டார் இங்க சாக்கு மேல கிடக்கு. அப்பவும் சத்தம் வந்துச்சு. அதனால மெக்கானிக் மேல தப்பு இல்லன்னு தெரியுது. அவர் மோட்டாரை மாட்டிட்டுப் போகலாம். சத்தம் யாருடையதுன்னு தெரியலைன்னு எழுதி ஃபைலை மூடிடறேன்."

மெக்கானிக் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டார். நாலுகம்பியைக் கடந்து போகும்போது அவர் முழங்கையை லேசாக இடித்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

கூட்டம் கலைந்தது. நாலுகம்பி படியேறத் தொடங்கினார். முதல் திருப்பத்தில் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. செயலாளர்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"தம்பி, அது யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அது ஃபைல்ல முடிஞ்சுபோச்சு."

"சரி சார்."

"ஒருவேளை நீங்க எங்கயாவது அந்த ஆளைப் பாத்தீங்கன்னா," என்று குரலைத் தாழ்த்தினார், "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சு வாசிக்கச் சொல்லுங்க. அந்த ரெண்டாவது சரணம் கீழ நின்ன எனக்குச் சரியாவே கேட்கல."